வி.நா. தவிர

பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதிய போர்டை நான் மூன்று தடவை படிப்பேன். படித்தபின் டைம் கீப்பரிடம் கேட்பேன். அவர் சொன்னது சரிதானா என்று, பக்கத்தில் பூ விற்கிற அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். பட்டுக்கடையில் சேலை மடித்துப் பெட்டியில் வைக்கிற வேலை எனக்கு. பெட்டியைக் கட்டியபின், உள்ளே இருப்பது கேட்ட சேலைதானா என்று மறுபடி பிரித்துப் பார்ப்பதும் உண்டு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதால் வந்த பயம் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இந்தப் பயம் நான் ஐந்தாவது படிக்கும்போதே வந்துவிட்டது. அதுவும் வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகப் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சென்னையிலிருந்து அத்தையும் மாமாவும் ஆரணிக்கு வந்திருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. எப்போது வந்தாலும் பையைத் திறந்ததும் எங்களுக்காக வாங்கிய காராசேவைத்தான் முதலில் எடுப்பார். அந்தத் தடவை ஓர் அட்டையை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, போட்டோ ஒட்டி, பார்க்க அழகாக இருந்தது. சென்னை டவுன் பஸ்ஸில் வயதானவர்கள் டிக்கெட் இல்லாமல் போவதற்குக் கொடுக்கிற பாஸ். இப்போது பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே இல்லை. அப்போது அந்த வசதி வரவில்லை, அதனால் அந்த அட்டைக்கு ஒரு மதிப்பு இருந்தது.

"எனக்குக் குடுத்துட்டாங்க. இவருக்கு இன்னும் இல்ல" என்று அத்தை மாமாவைக் காட்டினார். பரீட்சையில் மாமாவை முந்திவிட்டது போலிருந்தது அவர் முகம்.

அம்மா யோசிக்காமல் கேட்டுவிட்டாள். "அறுபது ஆனாத்தானே அண்ணி குடுப்பாங்க?"

கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தை அட்டையைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மறைத்தார்.

"அது ஆம்பளைங்களுக்கு. பொம்பளைங்களுக்கு அம்பத்தெட்டுலயே உண்டு. ரயில்ல அப்படித்தானே குடுக்குறாங்க?"

"அப்படித்தான், அப்படித்தான்" என்று மாமா காராசேவை மென்றார். "பொம்பளைங்கன்னா கவர்மென்ட்ல எல்லாமே ரெண்டு வருஷம் முன்னாடி."

விஷயம் என்னவென்றால், அத்தைக்கு மாமாவைவிட வயது அதிகம். கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று, பெண்ணுக்கு நான்கு வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தகுந்தாற்போல் ஜாதகமும் எழுதிக் கொடுத்தாயிற்று. அன்று விட்ட நான்கு வயதை அத்தை அதற்கப்புறம் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. வருகிற தை மாதம் மாமாவுக்கு அறுபது முடிகிறது, அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தார்கள். மறுபடி கழுத்தில் தாலி ஏறுவதற்குள் இது வெளியே வந்துவிட்டால் மனுஷர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாரோ என்று அத்தைக்கு உள்ளூர உதறல். இதெல்லாம் பிற்பாடு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தது ஒன்றுதான். அத்தையிடம் வயதைக் கேட்கக் கூடாது. படித்துக் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பூஜைக்கு மறுநாள் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போவதென்று முடிவாயிற்று. படவேட்டுக்கு நேர் பஸ் குறைவு. அதனால் முதல்நாளே, பூசணிக்காயும் பொரியும் வாங்கக் கடைவீதிக்குப் போன அப்பா என்னைப் பஸ் ஸ்டாண்டு வாசலில் இறக்கிவிட்டு, "போர்ட பார்த்து டைம் எழுதிகினு வா, ஜல்தி" என்றார். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ்ஸே போய்விடும்.

போர்டில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். 'படவேடு 10.40 வி.நா. தவிர.'

வி.நா. என்றால் என்ன? கேட்கலாம் என்றால் டைம் கீப்பர் அறையில் யாருமில்லை. வீடு வரைக்கும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருமுனையில் விநாயகர் கோயில் ஸ்டாப்பிங் இருக்கிறது. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வி, நா. விநாயகர். பத்து நாற்பது வண்டி எல்லா இடத்திலும் நிற்கும், விநாயகர் கோயில் தவிர. நல்லவேளை, நான் பார்த்தேன். இல்லையென்றால் வீட்டில் எல்லாரும் தெருமுனையில் நின்று கையைக் காட்டிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

மறுநாள் காலை அப்பா தறியோடு வீட்டில் இருந்துகொண்டார். அத்தை, மாமா, அம்மா, நான் நான்கு பேரும் கிளம்பினோம். தெருமுனையில் அம்மா நின்றாள். "இங்கியே ஏறிக்கலாமே?"

"வண்டி இங்க நிக்காதும்மா. போர்டுலயே போட்டிருக்குது."

"புள்ளையாரு மேல இன்னா கோவமாம் அவனுங்களுக்கு?" என்று கேட்ட அத்தை, வண்டி நிற்காத பிள்ளையாருக்கு இரக்கப்பட்டு ஒரு கும்பிடு போட்டார். தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு மாமா முன்னால் நடந்தார். வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடத்தியே கூட்டிப்போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

முதல்நாள் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்க, கண்ணாடியெல்லாம் சந்தனப் பொட்டோடு பஸ்கள் வந்துபோயின. பத்து நாற்பது ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. என் உள்ளங்கை வேர்வையில் எழுதிவந்த காகிதம் நைந்துபோனது.

"இன்னா பாப்பா" என்றார் மாமா. "நீ எழுதினது இன்னிக்கி பத்து நாப்பதா, நாளைக்கி பத்து நாப்பதா?"

அம்மா என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு டைம் கீப்பரிடம் போனாள். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"வி.நா. தவிரன்னு நீங்களே எழுதிகினு வந்திருக்கீங்களேம்மா. விடுமுறை நாள் தவிர. லீவு நாள்ல அந்த வண்டி ஓடாது. இன்னிக்கி லீவு."

"விநாயகர்..." என்றேன்.

"எந்த விநாயகர்?"

அம்மா விளக்கம் சொன்னாள். டைம் கீப்பர் சிரித்த சிரிப்பில் பூக்கார அம்மா எழுந்து வந்து என்னவென்று கேட்டாள். அவளுக்கும் சொன்னார்கள். அவள் போய்ப் பழக்கடைக்காரரிடம் சொன்னாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த நேர் பஸ் பன்னிரண்டு பத்துக்கு. கண்ணமங்கலம் போய் மாறிக்கொள்ளலாம் என்றார் மாமா. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பஸ்ஸுன்னா என் டோக்கன் ரெண்டு போயிடும்." பாஸோடு கொடுத்த டோக்கன் தாள்களை அவர் ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

பன்னிரண்டு பத்து வண்டியில் நல்ல கூட்டம். அத்தைக்கும் அம்மாவுக்கும் இடம் கிடைத்தது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அம்மா மடியில் பாதி, வெளியில் பாதி. கண்டக்டர் வந்தார்.

"படவேடு, மூணு ஃபுல்லு ஒரு அரை" என்றார் மாமா.

"ரெண்டு ஃபுல்லு. எனக்கு பாஸ் இருக்குது" என்று அத்தை அட்டையை நீட்டினார்.

"இது சென்னை பாஸும்மா. இங்க செல்லாது."

"ஏன் செல்லாது? அதுவும் கவர்மென்ட்டு பஸ்ஸு, இதுவும் கவர்மென்ட்டு பஸ்ஸு. அங்கியும் காக்கி சட்டை, இங்கியும் காக்கி சட்டை."

"அட்டையிலயே போட்டிருக்கும்மா."

"எங்க போட்டிருக்குது? படி பார்க்கலாம்."

"ஓடுற வண்டியில இந்தப் பொடி எழுத்த நான் எங்கம்மா படிக்கிறது? பேஜாரு பண்ணாதீங்க. பாப்பா, ஸ்கூலுக்குப் போறியா? உங்க பாட்டிக்கு நீயே படிச்சிக் காட்டு" என்று அட்டையை என் கையில் வைத்துவிட்டார்.

"பாட்டியா? அத்தைய்யா!" என்று அத்தை சீறிய நேரத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். விநாயகரால் போன மானத்தைத் திரும்ப வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் படிக்கிற குரலில், மேல் வரியிலிருந்து ஒன்றையும் விடாமல் ஆரம்பித்தேன்.

"முதியோர் இலவசப் பயண அட்டை. சென்னை மாநகரப் பேருந்துகளில் மட்டும் செல்லும். அறுபது வயது நிறைந்த ஆண், பெண் இருபாலருக்கும்..."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். இன்னும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"வயது, அறுபத்திரண்டு!"

"அறுபத்திரெண்டா? பார்த்தா தெரியலயேம்மா" என்றது பின்சீட்டு. அத்தை அட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றுவிட்டது. அவர் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை, டாக்டரிடம் ஊசிக்கு நிற்கிற பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறேன்.

மாமா கம்பியை விட்டுவிட்டு என் கையிலிருந்து அட்டையை வாங்கி, அப்படியே தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மூணு ஃபுல்லு ஒரு அரை குடு சார். அது படிக்கிறத நம்பாத. அம்பத்தெட்ட அறுபத்திரெண்டுன்னு படிக்குது. விடுமுறை நாள விநாயகர்னு படிச்ச பொண்ணு அது. அதால ரெண்டு மணி நேரமா பஸ் ஸ்டாண்டுல காஞ்சிகினு கெடந்தோம்."

விநாயகர் கதை கண்டக்டருக்கும் பின்சீட்டுக்கும் முழுசாகச் சொல்லப்பட்டது. பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்ல மாமா, சரியாத்தான் படிச்சேன். நீங்களே எடுத்துப் பாருங்க."

"எதுக்குப் பார்க்கணும்? காலையில இருந்து உன் படிப்பத்தானே பார்த்துகினு இருக்கேன்."

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கண்ணமங்கலம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் நகர்ந்து உட்கார்ந்து, "நின்னுகினே வரீங்களே. இங்க வந்து உக்காருங்க" என்றார். அது இரண்டு பேர் சீட். இருந்தாலும் மாமா எப்படியோ உட்கார்ந்துவிட்டார்.

கோயிலில் சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் மாமா எனக்குக் குச்சி ஐஸ் வாங்கித் தந்தார். தின்று முடிப்பதற்குள் இன்னொன்றும் வாங்கித் தந்தார். படிப்பு வராத பிள்ளை என்று பரிதாபப்பட்டுத் தருகிறார் என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் இரண்டையும் தின்றேன். அட்டை அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறை வெளியே எட்டிப்பார்த்தது. ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் போதும், நான் படித்தது சரி என்று தெரிந்துவிடும். மாமா ஏன் எடுத்துப் பார்க்கவே இல்லை?

ஊருக்குத் திரும்பும்வரை இதுதான் எனக்குக் கவலை. இரவு வீட்டுக்கு வந்ததும் மாமா அட்டையை எடுத்து, போட்டோ கீழே போகும்படி கவிழ்த்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதைப் பையின் அடியில் வைத்துவிட்டு, மறுநாள் ஊருக்குப் போகும்வரை பாஸைப் பற்றிப் பேசவே இல்லை.

தையில் அறுபதாம் கல்யாணம் ஜோராக நடந்தது. சங்கல்பத்துக்கு முன்னால் புரோகிதர் நோட்டை விரித்துவைத்து விவரம் கேட்டார். மாமா தன் பெயர், நட்சத்திரம், வயது எல்லாம் சொன்னார். "அம்மாவுக்கு என்ன வயசு?" என்றார் புரோகிதர். அத்தை மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

"அம்பத்தெட்டு. நல்லா எழுதிக்குங்க" என்றார் மாமா.

தப்பு. எதிரில் உட்கார்ந்திருந்த நான் சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன். மாமா என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து முழுசாக என் வாயில் வைத்தார். கண்ணைச் சிமிட்டினார். அத்தை குனிந்தபடியே சிரித்தார்.

லட்டை மென்றுகொண்டே யோசித்தேன். பாவம், மாமாவுக்கும் என்னைப் போலத்தான், வெளியில் சொல்ல முடியாத படிப்புக் கோளாறு ஏதோ இருக்கிறது.