பட்டு உடுத்தாமல் வந்து சேர்ந்தவர்

மேகலா அக்கா இறந்த செய்தி எங்கள் வீட்டுக்குக் காலையில் வந்தது. அம்மா குழாயடியிலிருந்து பாதிக் குடத்தோடு திரும்பி வந்து, "மேகலா போயிடுச்சி" என்றார். மதியம் சேகர் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "இரங்கல் கூட்டத்துல நீ ரெண்டு பக்கம் எழுதிப் படிம்மா. நீதான் புஸ்தகமும் கையுமா இருக்கியே. அந்தச் சிரிச்ச முகத்தைப் பத்தி எழுது."

எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அக்காவின் சிரித்த முகத்தை நான் பார்த்ததில்லை. இங்கே இருக்கும் நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். நாம் அவரைச் சிரிக்க வைக்கும்படி எதுவும் செய்யவில்லை.

சென்னையில் புற்றுநோய் சிகிச்சைக்கு வருபவர்கள் தங்கும் இலவச விடுதிக்கு நிதி திரட்ட, சென்ற ஆண்டு ஆரணியிலிருந்து சைக்கிளில் போனோம். பட்டுக்கடை சேகர் அண்ணன்தான் குழுத் தலைவர். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஜோடியை விட்டு யாரும் பிரியக் கூடாது என்று விதி போட்டார். என்னை மேகலா அக்காவோடு சேர்த்தார். அக்கா செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். குழுவிலேயே அந்த நோயை உடம்பில் அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

கிளம்பியதும் நான் படித்த கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். "ஏ படிப்ஸு, பேசிக்கினே வராத. பேஜாரா கீது" என்றார். எனக்கு முகம் எரிந்தது. காஞ்சிபுரம் வரை நாங்கள் பேசவில்லை.

நடுவே செய்யாறில் எங்களுக்கு வரவேற்பு கொடுத்தார்கள். நம் குழுப் பெண்மணி ஒருவர் அக்காவின் கையைப் பிடித்து, சாவு வீட்டில் விசாரிப்பது போல, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார். "சைக்கிள் மேல உக்காந்துகினு இருக்கேன், தெரியல?" என்றார் அக்கா. அடுத்து சேகர் அண்ணன் மைக்கில் 'வீரப் பெண்மணி' என்று அழைத்தார். அக்கா அவரிடமே போய்ச் சொன்னார்: "அண்ணே, வீரம் இருக்கான்னு என்னை யாரும் கேக்கல. ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டாங்க, போட்டேன். அவ்ளோதான்." திமிர் பிடித்தவள் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

மறுநாள் சென்னைக்குள் நுழையும் முன் ஒரு கல்யாண மண்டபத்தில் நிறுத்தினார்கள். கடைசிக் கொஞ்ச தூரத்தை எல்லாரும் பட்டு உடுத்தி ஓட்ட வேண்டுமாம். "ஆரணின்னாலே பட்டு. பட்டுல போய் எறங்கினாதான் நமக்கு மரியாதை" என்றார் சேகர் அண்ணன். ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும் அளவு ரவிக்கை வாங்கி, முன்கூட்டியே தைத்து வைத்திருந்தார்கள். அக்காவின் அம்மா பெட்டியிலிருந்த பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்.

புது ரவிக்கையை அக்கா தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது ஆபரேஷனுக்கு முந்தி இருந்த மேகலா அளவு. இப்ப எனக்கு ஒரு பக்கம் இல்ல."

"முந்தானைய இழுத்து சொருவிக்கினா தெரியாதும்மா" என்றார் சேகர் அண்ணன்.

"தெரியக் கூடாதுன்னா எதுக்குண்ணே இவ்ளோ தூரம் மிதிச்சோம்?"

"அப்ப வேன்ல ஏறிக்க. உன் ஒருத்திக்காக குரூப் போட்டோ கெடக் கூடாது."

அக்கா வேனைப் பார்க்கவில்லை. வியர்த்த டி-ஷர்ட்டோடு சைக்கிளை எடுத்தார். நான் பட்டுப் பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பின்னால் மிதித்தேன்.

"எதுக்குடி வர?"

"ஜோடியை விட்டுப் பிரியக் கூடாதுன்னு விதி, அக்கா."

"உன் விதியில தீய வை. பாவாடை செயின்ல மாட்டப் போவுது, பாத்து வா."

மாட்டியது. ஒரு முழம் கிழிந்தது. அதற்காக அப்புறம் நான் வாங்கிய திட்டு இங்கே வேண்டாம்.

விடுதி வாசலில் முதலில் போய் இறங்கியது நாங்கள்தான். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எங்கேர்ந்து வர்றீங்க?" "ஆரணி." "பஸ்லயா?" "இதுல" என்று அக்கா சைக்கிள் சீட்டைத் தட்டினார். அந்தப் பெண் அக்காவின் டி-ஷர்ட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார். "ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு இன்னும் கை தூக்க வரலங்க" என்றார். அக்கா அவரைச் சுவரருகே நிறுத்தி, விரல்களைச் சுவரில் ஒவ்வொன்றாக மேலே ஏற்றக் காட்டினார். "வலிக்கும். வலிச்சா திட்டிக்கினே ஏத்து."

அதற்குள் நீங்கள் மேளத்தோடு வந்தீர்கள். எல்லாருக்கும் பதக்கம் போட்டார்கள். குழுவோடு சேர்ந்து முடிக்காதவர்களுக்குக் கிடையாது என்று சேகர் அண்ணன் அறிவித்தார். நான் அழுதேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் விரல்கள் தோளுயரம் தாண்டிக்கொண்டிருந்தன.

இன்றைக்கு அக்காவின் படத்துக்கு அந்தப் பதக்கத்தைப் போட்டிருக்கிறீர்கள். கழற்றிவிடுங்கள். அதற்குப் பதில், முன்வரிசையில் இருக்கும் அவருடைய அம்மாவிடம் இதே மைக்கில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: உங்கள் மகள் முழு தூரமும் மிதித்தாள், எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். சேகர் அண்ணா, நான் இறங்கியதும் அதை நீங்கள் சொல்ல வேண்டும்.

அக்கா எனக்குப் புத்திமதி எதுவும் சொன்னதில்லை. என்னைப் பிடிக்கும் என்றும் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தைத்தான். அதில் கொஞ்சத்தை இப்போது இங்கே செலவழித்துவிட்டேன். மீதி இருக்கிறது.