மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க

எல்லோருக்கும் மனைவி வழியாகத்தான் மாமியார் கிடைப்பார். எனக்கு மாமியார் வழியாக மனைவி கிடைத்தாள்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் ஏசி ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போனால், ஏசி இருந்த அறையில் மையிருட்டு. நடுவில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு துளை, துளை வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம். ஒரு அம்மாள் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் துளையில் வைத்துப் பார்ப்பதும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒதுக்குவதுமாக இருந்தார். உயிர் பிடித்த முட்டையில் சிவப்பு நரம்பு ஓடும். பிடிக்காதது வெறும் மஞ்சளாகத் தெரியும். அதைப் பிரிப்பதுதான் அவர் வேலை. "லைட் போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். "போட்டா எனக்குக் கண்ணு மறுபடி பழக நேரமாகும் தம்பி. தடவிப் பார்த்தே செய்ய முடியாதா?" என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தடவித் தடவியே முடித்தேன்.

அன்று சாயங்காலமே அவர் தன் கணவரிடம், "இருட்டுல முணுமுணுக்காம வேலை செய்யிற பையன் ஒருத்தன் இருக்கான், நம்ம பொண்ணுக்குப் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். என் முகத்தை அவர் வெளிச்சத்தில் பார்த்தது அதற்குப் பிறகுதான். பார்த்த பிறகும் மனம் மாறவில்லை என்பதில் எனக்கு இன்றுவரை பெருமை.

கல்யாணம் ஆனதும் 'தம்பி' போய் 'மாப்பிள்ளை' வந்தது. அதோடு என்னிடம் நேராகப் பேசுவதையே அத்தை நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை, மரியாதை. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளுடி" என்பார் மகளிடம். "போதும்னு சொல்லு" என்பேன் நான். நடுவில் என் மனைவிக்குத் தூது போகும் வேலை. மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் அத்தை சுவரைப் பார்த்துச் சொல்வார்: "வானம் மூட்டமா இருக்கு, பைக்ல போறவங்க மழைக்கோட்டு எடுத்துட்டுப் போனா நல்லது." அந்த வீட்டில் பைக் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். சுவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொள்வேன்.

மாமா இதற்கு நேர் எதிர். பால் வேன் ஓட்டுகிறவர். அத்தை பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் சேர்த்து அவர் செலவழித்துவிடுவார். அவர் வாயில் ஒரு ரகசியம் தங்கினால் சல்லடையில் தண்ணீர் தங்கும்.

இந்த அத்தைக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பல வருடங்களுக்கு முன், வேலை முடிகிற நேரத்தில் ஊர் முழுக்கக் கரண்ட் போயிருக்கிறது. மற்றவர்கள் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்க, நாளெல்லாம் இருட்டில் பழகிய கண்ணோடு அத்தை வெளியே வந்து தலையைத் தூக்கியிருக்கிறார். வானத்தில் உப்பு மூட்டை அவிழ்ந்து கொட்டின மாதிரி நட்சத்திரம் இருந்தது என்பார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் ஒரு எரிகல் மழை, டிசம்பரில் ஒன்று, நடுவில் கிரகணம் ஏதாவது வந்தால் அது. வால் நட்சத்திரம் வந்த வருடம் வீட்டில் ஒருவரையும் தூங்கவிடவில்லை. வாரப் பத்திரிகையில் ராசிபலன் பார்ப்பதைப்போல அவர் அமாவாசை பார்ப்பார். நிலா இல்லாத ராத்திரிதான் அவருக்கு நல்ல நேரம்.

நாங்கள் வானம் பார்க்கப் போகும் இடம் ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் ஜல்லி ஆலை. இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பரந்த தரையும் வெள்ளைத் தூசியும்தான் மிச்சம். சுற்றிலும் கல்மேடு இருப்பதால் ஊர் வெளிச்சம் எட்டிப் பார்க்காது. மாமாவின் வேனில் தார்ப்பாய், போர்வை, தலையணை, பிளாஸ்க் எல்லாம் ஏறும். வேனுக்குள் எரிகிற விளக்கின் பல்பை அத்தை முன்பே கழற்றி வைத்துவிடுவார்.

வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்களே, அது அத்தைக்கு அளவெடுத்துத் தைத்த பழமொழி. அந்த இருட்டில் இறங்கியதும் அவர் குரலே மாறிவிடும். "யாரது போனை எடுக்கிறது? பைக்குள்ள போடு!" "செருப்போட தார்ப்பாயில ஏறினது யாரு?" போன் நான் எடுத்தது, செருப்பும் என்னுடையது. முகம் தெரியாத இடத்தில் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் செல்லாது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வருடம் முழுவதும் சுவர் வாங்கிக்கொண்ட பேச்சு, அங்கே எனக்கு நேராகக் கிடைத்தது.

தலைகளை நடுவில் வைத்து, கால்களை நாலு பக்கமும் நீட்டிப் படுப்போம். ஆளுக்கு ஒரு திசை. நட்சத்திரம் விழுந்தால் பார்த்தவர் "அதோ!" என்று கத்த வேண்டும். முதல் "அதோ" எப்போதும் அத்தையுடையதுதான். இரண்டு மூன்று வருடங்களாக மட்டும் அது எங்கள் குரலுக்குப் பின்னால் வந்தது. களைப்பாக இருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

போன ஆகஸ்டில் நடந்தது இது. ஒரு பெரிய எரிகல், பச்சை நிறத்தில், வானத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. எல்லோரும் கத்தினோம். அந்தக் குதூகலத்தில் மாமா எழுந்து, சற்றுத் தள்ளி வானம் பார்க்க வந்திருந்த வேறொரு கூட்டத்திடம் பேச்சுக் கொடுக்கப் போய்விட்டார். நான் பிளாஸ்க் எடுக்க வேனுக்குப் போனேன். திரும்பி வந்து, காலால் துழாவி, காலியாக இருந்த இடத்தில் படுத்தேன்.

"ஏங்க" என்று பக்கத்தில் ஒரு கிசுகிசுப்பு.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே குரல். கிசுகிசுத்தால் பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. மனைவி என்று நினைத்து "ம்" என்றேன்.

"இப்ப எல்லாரும் கத்தினீங்களே, அது எனக்குத் தெரியல."

"ம்?"

"போன தடவையும் தெரியல. அதுக்கு முந்தியும் தெரியல. நீங்க எல்லாம் அதோங்கிறீங்க, நானும் அதோங்கிறேன். நட்சத்திரமே அங்கொண்ணு இங்கொண்ணுதான் தெரியுது. அதுவும் பஞ்சு சுத்தின மாதிரி."

பேசுவது மனைவி இல்லை, அத்தை. மாமாவின் இடத்தில் படுத்திருக்கிறேன். இப்போது எழுந்தால் அத்தையின் மானம் போகும், எழாவிட்டால் என் மானம் போகும். அப்படியே கிடந்தேன்.

"வேலையிலயும் பக்கத்துல இருக்கிற பொண்ணுதான் நரம்பு ஓடுதா இல்லையான்னு பார்த்துச் சொல்லுது. அது எத்தனை நாளைக்குச் சொல்லும்? எங்க அக்காவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சது. ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்கன்னு டாக்டர் கேட்டாரு, அதோட அவ கண்ணு போச்சு. அதையே என்கிட்டயும் கேட்டுடுவாங்களோன்னு பயந்துக்கிட்டுப் போகாமலே இருக்கேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பொண்ணுகிட்ட சொன்னா அழுவா. மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இருட்டுல வேலை செய்யிற பையன்னு நானே பார்த்து எடுத்தவரு. அவர்கிட்டப் போய், எனக்கு இருட்டும் தெரியல வெளிச்சமும் தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

"ம்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? மாமாவின் செருப்புச் சத்தம் தூரத்தில் கேட்டதும் பூனை மாதிரி நழுவி என் இடத்துக்குப் போய்விட்டேன். மாமா வந்து படுத்து அந்தக் கூட்டத்தின் குலம் கோத்திரம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து என் பாடு திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வலிக்கிறது, வாய்விட்டுக் கத்த முடியவில்லை. மனைவியிடம் சொன்னால் அவள் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுவாள். மாமாவிடம் சொன்னால் மறுநாள் பாலோடு சேர்ந்து எல்லா வீட்டுக்கும் செய்தி போய்விடும். சொல்லாதே என்று அத்தை கேட்டுக்கொண்டது என்னிடம் சொல்லாதே என்று. என்னிடம் நானே சொல்லாமல் எப்படி இருப்பது? அக்காவுக்கு வந்ததேதான் இவருக்கும் வந்திருக்கிறதா, இல்லை வேறு ஏதாவதா என்று நினைத்து நினைத்து, ஒரு ஃபிரிட்ஜுக்குப் போட வேண்டிய பாகத்தை இன்னொரு ஃபிரிட்ஜுக்குப் போட்டேன். எனக்கு அந்த அம்மாள்மேல் அவ்வளவு பிரியம் இருந்தது அந்த வாரம்தான் எனக்கே தெரிந்தது.

கடைசியில் மனைவியிடம், "எனக்குக் கண்ணு ஒரு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போக பயமா இருக்கு, அத்தையைத் துணைக்கு வரச் சொல்லு" என்றேன்.

"நான் வரேன்."

"நீ லீவு போட வேண்டாம். அத்தைதான் தைரியமானவங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தோளுக்கு மேல வளர்ந்த ஆளுக்குத் துணை வேணுமாம், அதுவும் மாமியார் துணை" என்றபடி அம்மாவிடம் போய்ச் சொன்னாள். நான் நூறு சமாதானம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அத்தை மறுபேச்சில்லாமல் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் சீட்டு வாங்கினேன். "துணைக்கு வந்தவங்களுக்கும் பார்ப்பாங்களாம்" என்று எதிரில் இருந்த தூணிடம் சொன்னேன். அத்தையும் தூணுக்குத் தலையாட்டினார். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடச் சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அத்தையின் வளையல் நாற்காலிப் பிடியில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளையைப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றார் நர்ஸிடம். "அவர் உங்க பக்கத்துலதானேம்மா இருக்கார்?" என்றாள் அந்தப் பெண் குழம்பிப்போய்.

முதலில் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லப் போன எனக்குப் படிக்கிற கண்ணாடி ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்தது. அடுத்து அத்தை உள்ளே போனார். கூட நானும் போனேன். டாக்டரம்மா அத்தை சொன்ன அக்கா கதையையும் கேட்டுக்கொண்டு, நிதானமாகப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. ஆபரேஷன் செஞ்சா சரியாயிடும்" என்றார்.

"எங்க அக்காவுக்கு வந்தது இல்லையே?"

"அவங்களுக்கு வந்தது வேறம்மா. அழுத்தம் ஏறி நரம்பு போறது. உங்க நரம்பு நல்லா இருக்கு."

"லேட்டா வந்துட்டேனா?"

"இல்லம்மா. சரியான நேரம்தான்."

அத்தை அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டார். டாக்டரம்மா இரண்டு தடவையும் சலிக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழட்டும் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகையாக வந்தது.

விஷயம் தெரிந்ததும் வீட்டில் மகள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு மறுபடி அழுதாள். மாமா வாழ்க்கையில் முதல் தடவையாக வாயடைத்துப்போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கண் முடிந்து, சில வாரம் கழித்து இன்னொன்றும் முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு வந்த அத்தையை "சினிமா ஸ்டார்" என்று கூப்பிட ஆரம்பித்தபோதுதான் மாமாவுக்குப் பேச்சு திரும்பியது. அத்தை மட்டும், கண்ணு எப்படி இருக்கு என்று யார் கேட்டாலும் "இருட்டுல பார்த்தாத்தான் தெரியும்" என்பார். பகலில் ஊசியில் நூல் கோத்தார், காலண்டரில் பொடி எழுத்தைப் படித்தார். அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

டிசம்பரில் அமாவாசையை ஒட்டி ஜல்லி ஆலைக்குப் போனோம். பல் கிட்டும் குளிர். அன்று போன், செருப்பு என்று ஒரு அதட்டலும் வரவில்லை. அத்தை பேசாமல் போய்ப் படுத்தார். ஒன்று விழுந்தது, கத்த எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அவருக்குத் தெரியாமல் போயிருந்தால் என்ன செய்வது? அந்த அமைதியைத் தாங்க முடியாமல் மாமா, டீ கொண்டு வருகிறேன் என்று எழுந்து வேனுக்குப் போனார். மகளும் பின்னாலேயே போனாள். தார்ப்பாயில் அத்தையும் நானும் மட்டும் இருந்தோம்.

"அதோ" என்றார் அத்தை, மெதுவாக. நான் அதைப் பார்க்கவில்லை. "அங்க ஒண்ணு. அய்யோ, இதோ இன்னொண்ணு."

பிறகு அவர் என் பக்கம் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க" என்றார்.

வேன் பக்கத்தில் மாமா சர்க்கரை டப்பாவைக் காணவில்லை என்று மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கல்மேட்டில் மோதி எதிரொலிக்கும் குரல். அது யாருக்கும் கேட்காமல் இருக்க வழியே இல்லை.

"ம்" என்றேன்.

"எல்லாம் தெரியுதுங்க. பொடிப் பொடியாக்கூட தெரியுது. அன்னைக்கு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்கன்னு சொன்னேன். நீங்க சொல்லிட்டீங்க போல. நல்லதாப் போச்சு."

"டீ வேணுமாம்மா?" என்று மாமா அங்கிருந்து கத்தினார்.

"கொஞ்சம் இருங்க, பேசிக்கிட்டு இருக்கோம்ல!" என்று அத்தை அவருக்குப் பதில் கத்திவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏங்க, நம்ம மாப்பிள்ளைக்கு அவ்வளவாப் பேச்சு வராது. ஆனா சொன்னதையும் கேட்டுக்குவார், சொல்லாததையும் கேட்டுக்குவார். எனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லையேன்னு இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட நான் நினைச்சதில்ல. அவர்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் அத்தை" என்றேன்.