பூத்ததும் மடக்கவும்: விக்கிரமங்கலம் சணப்பு வயலுக்கு ஒரு பயணம்

யூரியா இல்லாமல், சணப்பு என்ற பசுந்தாள் பயிரை விதைத்து, அதை மண்ணோடு உழுது மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து சேர்க்க முடியுமா என்று நேரில் பார்க்கக் கிளம்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்பதுகளின் நடுவில், ஒரு புரட்டாசி. நான் விவசாய ஆபீசில் தற்காலிக ஊழியன். விக்கிரமங்கலத்தில் கோவிந்தம்மாள் என்ற விவசாயியின் இரண்டு ஏக்கர் சரியாக வந்தால் வேலை நீடிக்கும். சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் பேச்சை நம்பி அந்த அம்மா யூரியாவே வாங்கவில்லை.

காலை 6.10க்குப் பெரம்பலூரில் பஸ். அரியலூர் முப்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய். அங்கே டீ குடித்துவிட்டு 8.20க்கு விக்கிரமங்கலம் பஸ், இரண்டு ரூபாய். கூடவே என் அதிகாரி. கோயம்புத்தூர்க்காரர், புதுச் செருப்பு. பூத்த சணப்பை மண்ணோடு உழுவதைப் பார்க்க வருகிறார். வழியெல்லாம் அளந்துவிட்டுக்கொண்டே வந்தேன்.

ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. போய்ப் பார்த்தால் ஒன்றரை ஏக்கரில் வெறும் குச்சி. நடுவே நூற்றைம்பது செம்மறி ஆடுகள் படுத்து அசை போடுகின்றன.

"என்னம்மா இது?"

"நீங்கதானே சார் மடக்கச் சொன்னீங்க? பூத்த பயிர்ல ஆட்டை வுடச் சொல்றாரேன்னு இருந்துச்சு. படிச்சவரு, காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்."

கோவிந்தம்மாள் நீட்டிய தபால் கார்டில் என் கையெழுத்து: "பூத்ததும் மடக்கவும்." மடக்கி உழவும் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் மடக்குவது என்றால் ஆட்டுக்கிடை போடுவது, அதாவது கிடைக்காரரின் ஆட்டு மந்தையை எருவுக்காக வயலில் அடைப்பது. "தப்பு என்னுதுதான் சார்" என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் செருப்பைத் தூக்கிப் பார்த்தார். அடி முழுக்கப் புழுக்கை. "இதுல தழைச்சத்து இருக்குமாய்யா?"

"அதே சணப்புதாங்க சார். ஆட்டு வயித்து வழியா வந்திருக்கு," என்றேன்.

"மிச்ச அரை ஏக்கருக்கு நாளைக்கு ஆட்டை மாத்திடுறேன் சார்," என்றார் கோவிந்தம்மாள்.

"வேணாம்மா!" இருவரும் சேர்ந்து கத்தினோம். அதை மட்டும் அன்றே மாடு பூட்டி உழுதாயிற்று. அதிகாரி ரிப்போர்ட்டில், "சணப்பு பூத்ததும் மடக்கப்பட்டது" என்று எழுதினார். பொய் இல்லையே.

போகிறவர்கள் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். வெயிலுக்கு முன் நடந்துவிடலாம். சணப்பை நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில், மண்ணில் ஈரம் இருக்கும்போது உழுதுவிடுங்கள். முற்றினால் தண்டு சீக்கிரம் மக்காது. பத்துப் பதினைந்து நாள் விட்டு மக்காச்சோளம் விதைக்கலாம்.

கோவிந்தம்மாளின் மக்காச்சோளம் ஆடு படுத்த பக்கம், உழுத பக்கம் இரண்டிலும் கருகருவென்று வந்தது. என் வேலையும் தப்பியது. தை மாதம் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் ஏழு பேர் ஆபீசுக்கே தேடி வந்தார்கள். பெருமை தாங்காமல் சணப்பு விதை மூட்டையை அவிழ்த்தேன்.

"விதை கெடக்கட்டும் சார்," என்றார் ஒருவர். "அந்தக் கிடைக்காரரு எந்த ஊரு?"