சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

ஷகீலாவின் தண்ணீர் டம்ளருக்கு அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி உண்டு. வைத்தவர் அவளுடைய நாத்தனார் ஜமீலுன்னிசா. மற்ற டம்ளர்களோடு அது கலந்துவிடக் கூடாதாம். வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். கழுவுவதும் கவிழ்ப்பதும் ஷகீலாவே. இதற்குக் கவனிப்பு என்று பெயர் வேறு! கேட்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வரும், அனுபவித்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

லஸ் கார்னரிலிருந்து அடையாறு வரை ஷகீலாவிடம் ஸ்கூட்டர் கற்றுக்கொண்ட பெண்கள் ஏராளம். விடிந்ததும் கூட்டமில்லாத தெருவில் ஒருத்தியை வண்டியில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஓடுவாள். "பிரேக்கப் புடிம்மா! ஆக்சிலேட்டர இன்னாத்துக்கு முறுக்கினுகீற?" என்று அவள் போடும் சத்தத்தில் மாடி ஜன்னல்கள் திறக்கும். அவளிடம் முதன்முதலில் கற்றவள் ரூபீனா, கொழுந்தன் மனைவி. மயிலாப்பூரில் ஒரே வீட்டில் கீழே இவள், மாடியில் அவள். சாவிக்கொத்து மட்டும் ஜமீலுன்னிசாவின் இடுப்பில். கணவர் இறந்த பிறகு தம்பிகள் வீட்டோடு வந்துவிட்ட மூத்தவர். எல்லோருக்கும் அவர் லாத்தா, அதாவது அக்கா.

மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் ஷகீலா ஒளித்துவைக்கவில்லை. அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அறுவை சிகிச்சை, பிறகு கீமோ. பார்க்க வந்த உறவெல்லாம் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தது. வெயிலில் ரோடு ரோடாக ஓடினதால் என்றது ஒன்று. கண்ணு பட்டது என்றது இன்னொன்று. ஆப்பிள் கொண்டுவந்தோமா, வைத்தோமா, போனோமா என்று இருக்கக் கூடாதா இவர்களுக்கு!

பொறுக்க முடியாமல் டாக்டர் சரோஜாதேவியிடமே கேட்டுவிட்டாள். "டாக்டர், நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. உடம்புல ஒரு செல் ரெண்டாகணும்னா, முதல்ல உள்ளே இருக்கிற டிஎன்ஏ முழுசையும் நகல் எடுக்கும். நாள் பூரா நடக்கிற வேலை. நடுவுல பிழை வரும். பெரும்பாலும் செல்லே திருத்திடும். சிலது தங்கிடும். அப்படித் தங்கின பிழைங்க, வளர்ச்சியை நிறுத்தற இடத்துலயே சேர்ந்துட்டா, அந்த செல்லுக்கு நிக்கத் தெரியாது. நகல் மேல நகல் எடுத்துக்கிட்டே போகும்."

"மருந்து?"

"அந்த நகல் வேலையில குறுக்கே விழும். ஆனா அதுக்கு ஆள் தெரியாது. முடியோட வேர், வாயோட உள்தோல், எலும்பு மஜ்ஜை, இதெல்லாம் நியாயமாவே வேகமா நகல் எடுக்கிற இடம். அங்கேயும் அடி விழும். மஜ்ஜை அடி வாங்கினா வெள்ளை அணு குறையும். அடுத்தவங்க சளி இருமல் உங்களைச் சாய்ச்சிடும். அதனால கீமோ முடியற வரைக்கும் உங்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்."

வீட்டுக்கு வந்து ஷகீலா சொன்னது இதைத்தான். அவர்களிடமிருந்து அவளைக் காக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவளிடமிருந்து அவர்களைக் காக்க வேண்டும் என்று வீடு எடுத்துக்கொண்டது. மறுநாளே புள்ளி வந்துவிட்டது. அவள் உட்கார்ந்த பாயைத் தனியாகச் சுருட்டினார்கள். கணவர் மெஹபூப் அலி வாயைத் திறக்கவில்லை. அக்கா முன்னால் அவர் என்றைக்குத் திறந்தார்? முடி கொட்டியபோது அழாதவள், அந்தப் பாயைப் பார்த்து அழுதாள்.

கீமோ முடிந்தது. அணுக்கள் ஏறின. "இனிமே எல்லாரோடவும் உக்காந்து சாப்பிடுங்க" என்றார் டாக்டர். முடிகூடக் காதளவு வளர்ந்துவிட்டது. புள்ளி மட்டும் போகவில்லை.

ஜமீலுன்னிசாவின் மகள் அஃப்ராவின் நிக்காஹ் ஒரு வியாழக்கிழமை காலை, அடையாறு மண்டபத்தில். குடும்பத்துக்குப் பூர்வீகம் கீழக்கரை. பட்டணத்துக்கு வந்து தலைமுறைகள் ஆகியும் விருந்து மட்டும் சஹனில்தான். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்பார்கள். சஹனில் இடம் என்றால் சொந்தத்தில் இடம் என்று அர்த்தம். அந்த இடம் இன்றைக்காவது திரும்பக் கிடைத்துவிடும் என்று ஷகீலா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள்.

அவள் போய் உட்கார்ந்த சஹனிலிருந்து இரண்டு பெண்கள் கைக்குழந்தை அழுகிறது, ஃபோன் வருகிறது என்று எழுந்தார்கள். அதற்குள் ஜமீலுன்னிசா ஒரு பேப்பர் தட்டோடு வந்தார். கூடவே, வீட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்த அந்த டம்ளர்!

"உனக்குத் தனியா எடுத்து வச்சுகீறேன். ஓரமா உக்காந்து நிம்மதியா சாப்டு."

"லாத்தா, டாக்டரே எல்லாரோடயும் சாப்புடச் சொல்லிட்டாங்க. இது ஒட்டற வியாதி இல்ல. எத்தினி வாட்டி சொல்றது?"

"கல்யாண வூட்ல சத்தம் போடாத."

ஷகீலாவுக்குத் தெருவையே எழுப்பும் குரல் வரவில்லை. தட்டோடு ஓரத்துக்குப் போனாள்.

ரூபீனா தன் சஹனை விட்டு எழுந்து வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, பேப்பர் தட்டில் கை வைத்தாள். ஒருத்தியாவது வந்தாளே என்று ஷகீலாவுக்குக் கண் கலங்கியது. ரூபீனா சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"அக்கா, எனக்கும் ஒண்ணு கீது. இடது பக்கம். ரம்ஜானுக்கு முன்னாலேர்ந்து."

பக்ரீத் போய், மொஹரமும் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு மேல்!

"அடிப்பாவி, ஏன்டி சொல்லல?"

ரூபீனா டம்ளரைப் பார்த்தாள்.

இப்போது குரல் வந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. "லாத்தா, இங்க வாங்க! உங்க புள்ளிக்குப் பயந்துகினு இவ கட்டிய மறைச்சு வச்சுகீறா. இந்தாங்க, இதுல தண்ணி குடிங்க. இவ பாக்கட்டும்!"

ஜமீலுன்னிசாவின் முகம் வெளுத்தது. டம்ளரை வாங்கினார். தண்ணீர் புடவையில் சிந்தியது. ஆனாலும் குடித்தார். ஷகீலா அதைப் பார்க்க நிற்கவில்லை. ரூபீனாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டாள்.

சரோஜாதேவி தொட்டுப் பார்த்தார். திரும்ப ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"உங்க கட்டியைவிட இது பெரிசு, ஷகீலா. ஸ்கேனும் பயாப்ஸியும் பாத்துட்டுதான் எதுவும் சொல்ல முடியும். கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

ஷகீலா ரூபீனாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த டம்ளரை வீட்டார் ஒதுக்கி ஒதுக்கி வைத்த ஒவ்வொரு வேளையும், இவளுக்குள்ளே அந்தக் கட்டி நகல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.