ஊசிக்கு முப்பது நாள்

ஒன்பது மாதம் முடிந்தால்தான் தட்டம்மைக்கு ஊசி போடுவார்கள். என் மகளுக்கு அன்றைக்குச் சரியாக எட்டு மாதம். மூன்றாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "அவனுக்கு முத்து போட்டுகீது சார், வாசல்ல வேப்பல சொருகிட்டாங்க" என்றான். சொல்லிவிட்டு இருமினான்.

முப்பது நாள். அதற்குள் அம்மை என் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. எண்பதுகளின் பிற்பாதியில் எனக்கு இருந்த லட்சியங்களில் எழுதிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். முந்தின வருஷம் பெரணமல்லூரில் என் மனைவியின் அக்கா குழந்தை தட்டம்மையில்தான் போயிற்று. ஒன்றரை வயது. அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பிய பஸ்ஸில் என் மனைவி வயிற்றின் மேல் கையை வைத்தபடியே வந்தாள். அப்போது அவள் நாலு மாதம் முழுகாமல் இருந்தாள்.

நான் புத்தகம் படிக்கிறவன். ஒரு ஆபத்து வந்தால் மற்றவர்கள் ஏதாவது செய்வார்கள், நான் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். பள்ளி பீரோவில், உலக உருண்டைக்குப் பின்னால், பிள்ளைகளிடையே தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பற்றி ஒரு சிறு பிரசுரம் இருந்தது. அதை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது: பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் நேரில் சென்று காரணம் அறிய வேண்டும்.

சைக்கிளை எடுத்தேன்.

எங்கள் பள்ளி இருந்தது நெசவாளர் தெருவின் முனையில். நான் நெசவுக் குடும்பம் இல்லை. வந்தவாசிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட வீட்டிலிருந்து வாத்தியார் வேலைக்கு வந்தவன். குடியிருந்தது ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில். காலையில் தறிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பேன். தறியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான் என்பது பின்னால் தெரிந்தது.

அம்மை வந்த வீட்டில் அந்தத் தெரு என்ன செய்யும் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் வேப்பங்கொத்து சொருகுவார்கள். வெளியார் உள்ளே போகமாட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் வெளியே வரமாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு கிடையாது. பிள்ளைக்கு அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றும்வரை தறி நிற்கும். என் பிரசுரம் பதினாறு பக்கத்தில் சொன்னதை ஒரு கொத்து வேப்பிலை சொல்லிவிடும். ஒரே சிக்கல், தறி நிற்பது. அது முகூர்த்த மாதம். கல்யாணப் புடவை தறியில் ஏறியிருக்கும்போது வீட்டில் அம்மை என்று தெரிந்தால், பட்டு கொடுத்த முதலாளி அந்தப் புடவையை வேறு தறிக்கு மாற்றிவிடுவார். அம்மை வீட்டில் நெய்த புடவையைப் பெண் வீட்டார் தொடமாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் வேப்பங்கொத்து வாசலுக்கு வரக் கொஞ்சம் யோசிக்கும்.

இது தெரியாமல் நான் வீடு வீடாகப் போனேன். வாசலில் சைக்கிளை நிறுத்தி மணி அடிப்பேன். "பையன் ஏன் வரல?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பேன். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திப் பழகிய தொண்டை. வீடு திரும்பியதும் கொல்லையில் சட்டையைக் கழற்றி வெந்நீரில் போட்டு, சோப்பு தேய்த்துக் குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்குவேன்.

"கோயில் யானைய கூட இத்தினி தபா குளிப்பாட்ட மாட்டாங்க" என்றாள் என் மனைவி. "கெணத்துல தண்ணி எறங்கிடுச்சின்னு வூட்டுக்காரர் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க."

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு அதிசயம் நடந்தது. வகுப்பில் எல்லாரும் வந்திருந்தார்கள். நாற்பத்திரண்டு பேர். மறுநாளும் நாற்பத்திரண்டு. மாட்டுக்குத் தீவனம் அறுக்கப் போகிறவன்கூட வந்து உட்கார்ந்திருந்தான். தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதர், எதற்கும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"இன்னா சார் பண்ணீங்க? தீவாளிக்கு மொத நாளு மாதிரி கூட்டமா கீது."

"நேர்ல போய் விசாரிச்சேன் சார்."

"உம்" என்றார். "பவுடர் வாசன கொஞ்சம் தூக்கலா கீதே."

எனக்கும் அந்த வாசனை வந்தது. பிள்ளைகள் சுத்தமாக வரத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுத்தத்தைப் பற்றி அந்த வாரம்தான் ஒரு பாடம் நடத்தியிருந்தேன். ஒரு ஆசிரியன் தன் பாடம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது என்று நம்பத் தொடங்கினால், அவனை யாராவது பிடித்து உட்காரவைக்க வேண்டும். எனக்கு அப்படி யாரும் இல்லை.

பதினாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். என் மனைவி குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு எழுந்து உள்ளே வரச் சொன்னாள்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கம்மா."

"எங்க வூட்டாண்ட நீங்க வராதீங்க சார்."

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கெழம இவ இஸ்கூலுக்கு வரல. நாளைக்கு சைக்கிள எடுத்துகினு வந்துடுவீங்களேன்னு நேத்துலேர்ந்து நெஞ்சு அடிச்சிகினு கீது. அதான் நாங்களே வந்து காட்டிட்டு போலாம்னு வந்தோம். நல்லா பாத்துக்குங்க, வெறும் சளிதான்."

"நான் வந்தா என்னம்மா?"

"இன்னா சார் இப்படி கேக்குறீங்க? உங்க சைக்கிள் நின்னாலே அந்த வூட்டுல அம்மைன்னு தெருவே பேசுது. எதிர் வூட்டு புள்ளைக்கு சும்மா வயித்தால போச்சு, நீங்க போய் மணி அடிச்சீங்க. மக்கா நாளே மொதலாளி கல்யாண பொடவைய வேற தறிக்கு மாத்திட்டாரு. ஒரே பேஜாரா பூடுச்சி. அதுலேர்ந்து எல்லாரும், ஜொரமோ கிரமோ, பவுடர பூசி அனுப்பிடுறோம். இஸ்கூல்ல ஒக்காந்துகினு இருந்தா நீங்க வரமாட்டீங்க இல்ல?"

சொல்லிவிட்டுத் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். முழு வருகையின் ரகசியம் அதுதான். நோய் வந்த பிள்ளைகளைத் தேடி நான் போனதால் அத்தனை பேரையும் ஒரே அறையில், என் முன்னால் சேர்த்து உட்காரவைத்துவிட்டேன்.

அப்போதும் கடமை தவறவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன். ஒரு தடிப்பும் இல்லை. கண் கொஞ்சம் சிவந்திருந்தது, மூக்கு ஒழுகியது, இருமல். "சளிதான்" என்று தீர்ப்புச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. என் மனைவி காபி போடப் போனாள். அந்தப் பெண் பாயில் உட்கார்ந்து, முகத்தைப் பாவாடையால் மூடி மூடித் திறந்து என் மகளுக்கு விளையாட்டுக் காட்டினாள். நடுவில் இருமினாள். குழந்தை அதையும் விளையாட்டு என்று நினைத்துக் கெக்கலி கொட்டியது. நாங்கள் மூன்று பெரியவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தோம். காபி நன்றாக இருந்தது.

புதன்கிழமை வகுப்பில் அந்தப் பெண் சிலேட்டின் மேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால், பவுடருக்கு அடியில், மணல் தூவினாற்போல் சிவப்பு. நான் பீரோவைத் திறந்து பிரசுரத்தை எடுத்தேன். ஒன்பதாம் பக்கம். தடிப்பு தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே, வெறும் சளி இருமலாக இருக்கும்போதே, தட்டம்மை பரவும் என்று இருந்தது. அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சில் கோடு நேராக, அழகாகப் போட்டிருந்தது. நான் போட்டதுதான்.

பகல் மணி அடித்ததும் ஊசி போடும் இடத்துக்கு ஓடினேன். புதன்தான் ஊசி நாள். நர்சம்மா ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"எத்தினி மாசம்?"

"எட்டரை."

"ஒம்போது முடியட்டும் சார். அதுக்கு முன்னாடி போட்டா புடிக்காது."

"வீட்டுக்கே வந்துடுச்சும்மா. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து..."

"நீங்க வாத்தியார்தானே? அஞ்சாங் கிளாசுக்கு போவணும்னா அஞ்சாங் கிளாசு வயசு ஆவணும்னு நீங்க சொல்றதில்ல? அப்படித்தான். அதுவும் இல்லாம, ஒரு கொழந்தைக்காக பத்து கொழந்தைக்கான பாட்டில ஒடைக்க முடியாது." என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "பால் குடுக்க சொல்லுங்க. எல்லா கொழந்தைக்கும் வந்துடாது சார்."

எல்லாக் குழந்தைக்கும் வந்துவிடாது என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எட்டு நாள் ஓட்டினேன். வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது. சொன்னதும் என் மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையின் காதுக்குப் பின்னால் பார்த்தாள். அதன்பின் மணிக்கொரு தடவை பார்த்தாள். நானும் பார்த்தேன். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. நாள்காட்டியில் தாள் கிழிப்பதுகூட எனக்கு ஏதோ வேலை செய்வதுபோல் இருந்தது. ஒரு நாள் அவசரத்தில் இரண்டு தாள் கிழித்துவிட்டேன். அன்று முழுக்க ஊசிக்கு ஒரு நாள் குறைந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஊசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் இருக்கும்போது காதுக்குப் பின்னால் சிவந்தது.

"ஊரெல்லாம் போயி மணி அடிச்சி கூப்டுகினு வந்துட்டீங்க" என்றாள் என் மனைவி. மிச்சம் வைக்காமல் முழுசாகவே சொன்னாள். பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வேப்பிலையால் மெல்ல வருடினாள்.

வாசலில் சொருக ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு காரியமாவது ஒழுங்காகச் செய்யலாம் என்றிருந்தது. முன்கட்டில் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். என் கையைப் பார்த்தார்.

"சார், கொத்த உள்ளாற சொருகிக்குங்க."

"வெளிய சொருகினாத்தானே நாலு பேருக்குத் தெரியும்?"

"அதுக்குதான் சொல்றேன். கண்ணமங்கலத்து பொண்ணுக்கு பொடவ. இன்னும் நாலு நாளு, தறிலேர்ந்து அறுத்துடுவேன். உங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?" அவர் கை கூப்பவில்லை, கூப்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க எப்பவும் போல இஸ்கூலுக்கு போங்க. நீங்க போவலன்னா தெருவுல கேப்பாங்க."

கொத்தை உள்ளே, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சொருகினேன். சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் கேட்டார்: "இன்னா சார், கண்ணெல்லாம் செவந்து கீது? கொழந்தைக்கு ஒடம்பு கிடம்பு..."

"பல்லு மொளைக்குது சார்" என்றேன்.

வகுப்புக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு இடம் காலியாக இருந்தது. யார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பெரணமல்லூர் அக்கா வந்து ஐந்து நாள் கூடவே இருந்தார், அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. காய்ச்சல் இறங்கிய பிறகு இடது காதில் சீழ் வந்தது. சொட்டு மருந்து விட்டோம், நின்றது. மறுபடி வந்தது, நின்றது. அவளுக்கு நாலு வயதானபோது, இடது பக்கம் படுத்திருந்தால் கூப்பிட்டவுடன் எழுகிறாள், வலது பக்கம் படுத்திருந்தால் எழுவதில்லை என்று என் மனைவிதான் கண்டுபிடித்தாள். வேலூருக்குக் கூட்டிப்போனோம்.

காது டாக்டர் சின்ன வயதுக்காரர். அவளைத் தன் முன்னால் உட்காரவைத்து, அவளுடைய வலது காதை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு, என்னை அவளுக்கு இடது பின்புறம் நிற்கச் சொன்னார். "அப்பா குரல்தான் நல்லா பழக்கமா இருக்கும். மெதுவா பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். அவள் டாக்டரின் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டுக்குள் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் கிட்டே போய்க் கூப்பிட்டேன்.

"சார், கத்தக் கூடாது" என்றார் டாக்டர். "கத்தினா நான் அடைச்சிருக்கிற இந்தக் காதுக்குக் கேட்டுடும். மெதுவா."

மெதுவாகக் கூப்பிட்டேன்.