கப்பல்காரர் உள்ளே போன கதை

கண்டெய்னர் லாரியைப் பின்னால் எடுத்து, கிடங்கு வாசலில் அரை அடி பிசகாமல் நிறுத்துகிற மனிதர் அவர். ஆனாலும் வீட்டில் அவருக்குக் 'கப்பல்காரர்' என்றுதான் பெயர். மனைவியின் அண்ணனான மச்சான், கல்யாணத்துக்கு முன்னால் வெறும் கூட்டாளி. அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளிக் கப்பல் விளையாட்டு இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். ஒரு கிரகத்தில் தானியம் வாங்கி, கொள்ளைக்காரனிடம் தப்பி, இன்னொரு கிரகத்தில் விற்கலாம். முடிவே கிடையாது. இதைச் செய், அங்கே போ என்று அதிகாரம் பண்ணவும் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்திலும் பட்டறையிலும் ஏச்சு வாங்கியே வளர்ந்தவருக்கு அது போதாதா? அந்த வீட்டிலேயே பழியாய்க் கிடந்தார். கூட்டாளியின் தங்கச்சியைப் பார்க்கத்தான் வருகிறான் என்று தெருவே பேசியது. பார்க்கவும்தான் செய்தார், அது வேறு கதை.

அந்த விளையாட்டில் ஒரே ஒரு கஷ்டம். சரக்கு விற்க வேண்டுமானால் விண்வெளி நிலையத்துக்குள் நுழைய வேண்டும். அது பம்பரமாய்ச் சுற்றும். வாசலோ ஒரு கீற்று. நாமும் கூடவே சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே போவேனாக்கும் என்று கட்டிக்கொண்ட நாளிலிருந்து மனைவியிடம் அளந்துகொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பழுதுபார்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இத்தனை வருஷப் பீற்றலும் சந்தி சிரிக்கப் போகிறது.

சிரித்தது. முதல் தடவை நிலையத்தின் சுவரில் முட்டி வெடித்தார். அடுத்த தடவை வாசல் வரைக்கும் போய் வெடித்தார்.

"லாரியையும் இப்படித்தான் ஓட்டுறீங்களா?" என்றாள் மனைவி.

கீபோர்டு மேல் பழியைப் போட்டார். மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் துடைத்துக் கொடுத்தான். பால் பொங்குகிறது என்று அவள் அடுப்படிக்கு ஓட, மச்சான் போன் பேச வெளியே போனான். பார்க்க ஆளில்லை என்றதும் கை நிதானப்பட்டது. நிலையம் சுற்றுகிற வேகத்துக்கே கப்பலையும் சுழற்றினார். வாசல் அசையாமல் நிற்பது போலிருந்தது. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இங்க வாயேன். உள்ள போயிட்டேன்." அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

முந்தானையில் கை துடைத்தபடி வந்து பார்த்தாள். திரை முழுக்கச் சாமான் பெயரும் விலையும்தான்.

"எங்க? ஏதோ மளிகைக் கடை சீட்டு மாதிரில்ல இருக்கு."

"உள்ள போனாத்தான் அது வரும்."

"சரி சரி, நம்பிட்டேன்" என்றாள். நம்பின முகமாக இல்லை.

மச்சான் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "தானியத்தைத் தள்ளிவிடு மாப்ள. இங்க நல்ல விலை" என்றான்.

அவருக்கு அது போதும். மொத்தத்தையும் விற்றார். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்து என்ன வாங்கலாம் என்று விலையை மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.