ஜெபத்துக்குள் வந்த பலாப்பழம்

கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தலாமா?

கூடாது. எங்கள் சபையில் அப்படி ஒரு காரியம் நடந்ததே இல்லை. வெளியே மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடட்டும், அடுப்பில் பால் பொங்கி வழியட்டும் - 'ஆமென்' வருகிறவரை ஒருவரும் அசையமாட்டோம். போன புதன்கிழமை அது நடந்துவிட்டது. அதுவும் என் வீட்டில். ஜெபம் பண்ணியவள் என் மனைவி. நிறுத்தியது என் அண்ணன் மனைவி, ஞானபாய் மைனி.

சண்டையா என்று கேட்காதீர்கள். சண்டை அதற்கு ஒன்பது வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தக்கலைப் பக்கத்துச் சபைகளில் புதன்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு. வாரத்துக்கு ஒரு வீடு. பாட்டு, வேத வாசிப்பு, போதகர் ஐயாவின் சின்னப் பிரசங்கம். அப்புறம் ஆளுக்கொருவராக வாய்விட்டு ஜெபம். புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதில்லை. மனதில் வருவதைச் சொல்வோம். இதில் ஒரு பெரிய வசதி... ஜெபம் பண்ணுகிறவரை யாரும் மறுத்துப் பேச முடியாது! எல்லோருக்கும் கண் மூடியிருக்கும், காது திறந்திருக்கும்.

அப்புறம் கேட்க வேண்டுமா? கடவுளுக்கு விலாசம் எழுதி, பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போடுகிற கடிதமாகிவிடுகிறது ஜெபம். "ஆண்டவரே, ஆட்டைக் கட்டிப்போட மனமில்லாத சகோதரர்களை நினைத்தருளும்" என்று ஒருவர் ஜெபித்தால், மறுநாள் காலையில் அந்த ஆடு கட்டியிருக்கும். நானும் யோக்கியன் இல்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு புதன்கிழமை, அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு இளகிய இருதயம் வேண்டுமென்று உருக்கமாகக் கேட்டேன். இரண்டு நாள் லீவு கிடைத்தது. கொடுத்தது கடவுளா, அவரா - நான் ஆராயப் போகவில்லை.

சரி, பலாப்பழத்துக்கு வருவோம்.

அண்ணன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் இடுப்பளவு மண்மதில். அண்ணன் பக்கத்தில் ஒரு பலாமரம். அடிமரம் அங்கே, பெரிய கிளை ஒன்று மதிலைத் தாண்டி எங்கள் பக்கம். அதன் சருகெல்லாம் எங்கள் முற்றத்தில்தான். தினமும் அதைப் பெருக்குகிறவள் என் மனைவி தங்கபாய். வருஷக்கணக்காகச் சும்மா நின்ற மரம், இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் காய்த்தது. ஒரே ஒரு காய். அது எங்கே தொங்கியது என்கிறீர்கள்? எங்கள் பக்கத்துக் கிளையில்.

அண்ணன் மகள் கிரேசுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேஸ் பிறந்தது அந்த வீட்டில் என்றாலும், வளர்ந்தது பாதி எங்கள் வீட்டில். எங்களுக்கு இரண்டும் பையன்கள். பின்னிவிட ஒரு தலை இல்லையே என்கிற தங்கபாயின் குறையை அவள்தான் தீர்த்தாள். பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, காலையில் சீப்போடு மதிலைத் தாண்டிக் குதித்து வருவாள்.

களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் ஒரு இடம் வந்தது. நல்ல குடும்பம், பையன் நெசவு வாத்தியார். அண்ணனும் ஞானபாய் மைனியும் பேசி முடிக்க ஒரு சனிக்கிழமை புறப்பட்டுப் போனார்கள். மறுநாள் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. வயலில், தோட்டத்தில் விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைக்கிற நாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முற்றமெல்லாம் பலாப்பழ வாசனை. தங்கபாய் அண்ணாந்து பார்த்தாள். பழுத்துவிட்டது. விட்டால் ராத்திரியே வௌவால் தின்றுவிடும். மரத்துக்காரர்கள் ஊரில் இல்லை. என்ன செய்வாள்? "இஞ்சேருங்க, இது நமக்கு வேண்டாம். அவியளுக்கும் வேண்டாம். மரத்துல மொதக் காய், ஆண்டவருக்குப் போட்டும்" என்றாள். நான்தான் ஏணி பிடித்தேன்.

அடுத்த நாள் கோயில். பீடத்தின் முன்னால் வாழைக்குலை, மரச்சீனிக்கிழங்கு, நெற்கதிர், தேங்காய். நடுவில் ராஜா மாதிரி எங்கள் பலாப்பழம். நான் சபைக் கமிட்டியின் காரியதரிசி; காணிக்கைக்காரர்களின் பெயரை வாசிப்பது என் வேலை. என் பெயரைச் சொல்லி, "பலாப்பழம் ஒன்று" என்று வாசித்தபோது குரல் கொஞ்சம் கனத்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணனும் மைனியும் பாறசாலையிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். மைனி பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தங்கபாயைப் பார்த்தார். போதகர் ஐயா ஆசீர்வாதம் சொல்லும்வரைகூட நிற்காமல் வெளியே போய்விட்டார்.

பஸ்ஸில் வந்த களைப்பு என்று நாங்கள் நினைத்தோம்.

புதன்கிழமைதான் தெரிந்தது. மைனி ஜெபித்தார்: "பரம பிதாவே, என் மகளுக்கு நல்ல இடம் அமைந்தால் இந்த மரத்தின் முதற்கனி உமக்கு என்று அடியாள் பொருத்தனை பண்ணியிருந்தேன். இடமும் அமைந்தது. அந்தக் கனியை உம்முடைய பெயரைச் சொல்லியே பறித்துக்கொண்டு போன கைகளை மன்னியும். அவை யாருடைய கைகள் என்று நீர் அறிவீர்."

கடவுள் மட்டுமா அறிவார்? பாயில் உட்கார்ந்திருந்த பதினாலு பேரும் அறிந்தோம்.

பார்த்தீர்களா வேடிக்கையை? இரண்டு பேரும் பழத்தைத் தின்னவில்லை. விற்கவில்லை. ஒரே பழத்தை ஒரே கடவுளுக்கு, ஒரே கோயிலில் கொடுக்க நினைத்தார்கள். அதற்குத்தான் சண்டை! போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "சேர வேண்டிய இடத்துக்குத்தானே வே சேர்ந்திருக்கு" என்று சிரித்தார். வீட்டில் வந்து அதைச் சொன்னேன். தங்கபாய் சிரிக்கவில்லை.

"என்னைத் தனியா கூப்பிட்டு, இப்படிச் செய்துட்டியேன்னு அக்கா கேட்டிருந்தா, நான் கால்ல விழுந்திருப்பேன். பதினாலு பேர் நடுவுல என்னைக் கள்ளி ஆக்கிட்டாவ. அதும் நான் வாய் தொறக்க முடியாத நேரம் பாத்து!"

வாய் திறக்க முடியாத நேரமா? அதற்கும் அடுத்த புதன் வந்தது. "கர்த்தாவே, மதிலுக்கு இந்தப் பக்கம் கிளையை நீட்டு என்று மரத்துக்குச் சொன்னவர் நீரே. சருகை எல்லாம் ஒருத்திக்கும் கனியை எல்லாம் ஒருத்திக்கும் என்று நீர் நியமிக்கவில்லையே" என்று என் மனைவி தொடங்கினாள். அதற்கடுத்த வாரம் மைனி பதில் ஜெபம். இப்படியே எட்டுப் புதன். சபையில் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதை நான் காரியதரிசி என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன்.

சிரிப்பாகத்தான் இருந்தது... கல்யாணம் நெருங்குகிறவரை.

வருகிற வியாழக்கிழமை கிரேசுக்குக் கல்யாணம். கோயிலில் அறிவிப்பு வாசித்தாயிற்று. மைனி எங்களை அழைக்க வரவில்லை. அண்ணன் கையில் பத்திரிகையைக் கொடுத்து அனுப்பினார். தங்கபாய் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள். "அக்கா வந்து கூப்பிடாம நான் அந்தப் பந்தல்ல கால் வைக்கமாட்டேன்." ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள், இப்போது ஒருவர் வாளி இறங்குகிற சத்தம் கேட்டால் மற்றவர் வெளியே வருவதில்லை. கிரேஸ் மதில் ஓரத்தில் வந்து நிற்பாள். இந்தப் பக்கம் பார்ப்பாள். உள்ளேயிருந்து மைனி கூப்பிடுவார், போய்விடுவாள்.

இன்னொன்றும் இருக்கிறது. வருகிற நவம்பரில் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேரப் போகிறோம். களியக்காவிளையோடு எல்லை. பாறசாலை கேரளப் பக்கம் போய்விடும். கட்டிக்கொடுத்த இரண்டே மாதத்தில் எங்கள் பெண் வேறு ராஜ்யத்துக்காரி! ஊரெல்லாம் அந்த எல்லையைப் பற்றிப் பேசியது. எனக்கு இந்த மண்மதிலைத் தவிர வேறு எல்லை கண்ணில் படவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஜெபித்தேன்! 'இரு குடும்பங்களின் நடுவிலும் சமாதானம் தாரும்' என்று ஒவ்வொரு புதனும் அழகான வார்த்தைகளில் ஜெபித்தேன். அண்ணனும் ஜெபித்தான். அப்புறம் இரண்டு பேரும் தக்கலை டீக்கடையில் சந்தித்து, "இதெல்லாம் பொம்பளைய காரியம்லே" என்று சொல்லிப் பிரிந்தோம். மதில் இடுப்பளவுதான். தாண்ட எங்கள் இருவருக்கும் கால் வரவில்லை.

போன புதன்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில். சண்டை என்பதற்காக ஜெபக்கூட்டத்துக்கு வராமலிருக்க முடியுமா? மைனி வந்தார். கதவோரத்தில் உட்கார்ந்தார். என் மனைவியின் முறை வந்தது.

"அன்புள்ள பிதாவே, எங்கள் மத்தியில் கடினப்பட்ட இருதயங்கள் உண்டு" என்று வழக்கம்போலத்தான் ஆரம்பித்தாள். நானும் வழக்கம்போலக் காதைத் தீட்டிக்கொண்டேன். "நடக்கப்போகிற கல்யாணத்தை ஆசீர்வதியும். அந்தப் பிள்ளையை ஆசீர்வதியும். அந்தப் பிள்ளை..."

நிறுத்திவிட்டாள். மறுபடி பேசியபோது அது ஜெபத் தமிழ் இல்லை. அடுக்களைத் தமிழ்.

"அந்தப் பிள்ளைக்கு எடப்பக்கம் ஒரு சுழி உண்டு ஆண்டவரே. வகிடு நேரா நிக்காது. ரெண்டு வெரல் தள்ளி, தண்ணி தொட்டு எடுக்கணும். கல்யாணத்தன்னைக்கு யாரு சீவப்போறாவளோ... அவியளுக்கு அது தெரியாதே ஆண்டவரே... எல்லாரும் பாத்திட்டு நிக்கச்சில பிள்ளைக்க தலை கோணலா இருக்குமே..."

அப்போதுதான் கதவோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏட்டி தங்கபாய், நிறுத்து. அத எதுக்குட்டி ஆண்டவருகிட்டச் சொல்லுக? எங்கிட்டச் சொல்லு."

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டோம். போதகர் ஐயா உட்பட!

தங்கபாயின் முகமெல்லாம் ஈரம். "நீங்கதான் பேசலியே அக்கா! பொருத்தனைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்தக் கிளைப்பக்கம் திரும்பியிருப்பேனா?"

"நான் ஆண்டவருகிட்டச் சொன்னேனே!"

"ஆண்டவருகிட்டச் சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?"

மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்துவந்து, பாயில் இருந்தவர்களையெல்லாம் தாண்டி, என் மனைவியின் கையைப் பிடித்தார். "வா மக்கா" என்றார். இரண்டு பேரும் அடுக்களைக்குள் போய்விட்டார்கள். உள்ளே அழுகை கேட்டது. நடுநடுவே திட்டும் கேட்டது. அப்புறம் பாத்திரம் உருளும் சத்தம். யாரோ காப்பிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

நாங்கள் என்ன செய்வது? கண்ணை மூடுவதா, திறந்து வைத்திருப்பதா? எல்லோரும் போதகர் ஐயாவைப் பார்த்தோம். அவர் வேதப்புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "இனி நான் என்னத்தச் சொல்ல? காப்பி வரட்டும்" என்றார்.

காணிக்கை வைக்கிறதற்கு முன்னால் யாரோடு மனத்தாங்கல் என்று பார் - எத்தனை பிரசங்கத்தில் இதைக் கேட்டிருப்பேன்! கேட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய் மத்தியானச் சோறு தின்றிருக்கிறேன். பீடத்தின் முன்னால் அன்று நான் கனத்த குரலில் வாசித்தது ஆராதனை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். எட்டு வாரம் நாங்கள் அழகழகாக ஜெபித்ததையும் அப்படித்தான் நம்பினேன். எனக்கென்னவோ, மைனி பாயைத் தாண்டி வந்த அந்த ஐந்தாறு அடிதான் இந்த வருஷம் முழுக்க எங்கள் சபையில் நடந்த ஆராதனை என்று படுகிறது. அதற்கு நான் காரியதரிசி அல்ல, வெறும் பார்வையாளன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்தச் சனிக்கிழமை காலையில் பின்வாசலில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். கிரேஸ் படியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் சீப்பு. என் மனைவி அவள் தலையை நனைத்து, மைனிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். "இஞ்ச பாருங்க அக்கா, இதான் அந்தச் சுழி." பெற்றுப் பத்தொன்பது வருஷம் வளர்த்த தாய் குனிந்து அதை அதிசயமாகப் பார்க்கிறார். "ஒனக்கு இம்புட்டு நாளா இது தெரியும், எனக்குத் தெரியாம போச்சே!" பேசாமல் இருந்த ஒன்பது வாரத்துக்கும் சேர்த்து மூன்று பேரும் பேசுகிறார்கள். காது வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஒன்று மட்டும் என் காரியதரிசி மூளைக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. தங்கபாய் ஆரம்பித்த அந்த ஜெபத்துக்கு எங்களில் ஒருவரும் 'ஆமென்' சொல்லவில்லை.

நல்லவேளை. சொல்லியிருந்தால், அது அங்கேயே முடிந்து போயிருக்கும்.